நீலகிரி, பழனி மலை அமில மண்ணில் தானியப் பயிர்: தொழு உரமும் ரசாயன உரமும் மண்ணை என்ன செய்கின்றன, எப்படி இடுவது

கோத்தகிரிப் பக்கம் கேழ்வரகு விதைத்தாலும், மன்னவனூர் பக்கம் கோதுமை விதைத்தாலும், கூடலூர் வயலில் நெல் நட்டாலும் உரம் என்ற பேச்சு எழுந்தவுடன் ‘இயற்கையா, ரசாயனமா’ என்ற சண்டைதான் முன்னால் வந்து நிற்கிறது. மலை மண்ணில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மண்ணின் அமிலத்தன்மை எவ்வளவு? அதைக் காட்டும் எண் பி.எச். (7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் அதிகம்). பி.எச். 4.8 இருக்கும் நிலத்தில் நல்ல தொழு உரமும் பாதிதான் வேலை செய்யும், விலை கொடுத்து வாங்கிய டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரமும் பாதிதான் வேலை செய்யும். அமிலத்தைக் கவனித்த நிலத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது: முதலில் அமிலம், பிறகு கரிமம், அதற்குப் பிறகே சத்துக் கணக்கு.

மலை மண் ஏன் இப்படி

நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு பருவமழையும் ஆண்டாண்டு காலமாக அந்தப் பாறை மண்ணிலிருந்து கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விட்டன. மிஞ்சியிருப்பது இரும்பும் அலுமினியமும். பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கியதும் அந்த அலுமினியம் மண்நீரில் கரைய ஆரம்பிக்கிறது. 5.0-க்குக் கீழே வேர் நுனியையே கருக்கிவிடும் அளவுக்குக் கரைகிறது. போட்ட மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இதில் பயிருக்குப் பயிர் வித்தியாசம் உண்டு. சாமையும் கேழ்வரகும் ஓரளவு அமிலத்தைத் தாங்கும். கோதுமை தாங்காது. பார்லி அதைவிடத் தாங்காது. சம்பா கோதுமை போடுகிறவர்கள், வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களைப் போடுகிறவர்கள் சுண்ணாம்பு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

உயரமான இடங்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஊட்டி, கொடைக்கானல் மட்டத்தில் குளிர் காரணமாகக் கரிமப்பொருள் மெதுவாகத்தான் மட்கும். மண் கருப்பாக, வளமாகத் தெரியும். பரிசோதனை அறிக்கையிலும் ‘கரிமம்: அதிகம்’ என்று வரும். தமிழ்நாட்டில் பல ஆய்வகங்கள் 0.75 சதவீதத்துக்கு மேல் கரிமம் இருந்தாலே அதிகம் என்று குறித்து, தழைச்சத்து (நைட்ரஜன்) பரிந்துரையைக் குறைத்துவிடும். சமவெளிக்கு அது சரி. மலையில் அதைவிடப் பல மடங்கு கரிமம் சாதாரணம். ஆனால் குளிரும் அமிலமும் நுண்ணுயிர்களைக் கட்டிப்போட்டு வைத்திருப்பதால் அந்தக் கரிமத்துக்குள் இருக்கும் தழைச்சத்து வெளியே வருவதில்லை. ஜூன், ஜூலை மூடுபனியில் கருப்பு மண்ணில் நிற்கும் கேழ்வரகு வெளிறிப்போவதற்குக் காரணம் இதுதான். அறிக்கையில் ‘அதிகம்’ என்று இருப்பதை மட்டும் நம்பி மேலுரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

ரசாயன உரம் மண்ணுக்குள் போய் என்ன செய்கிறது

யூரியா மண்ணில் விழுந்ததும் அம்மோனியாவாக மாறுகிறது. அந்த நேரத்தில் அந்தக் குருணையைச் சுற்றி அமிலம் சற்றுக் குறையவே செய்யும். பிறகு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளியாகிறது. இங்கேதான் விவசாயி கையில் ஒரு பிடி இருக்கிறது. அந்த நைட்ரேட்டைப் பயிர் உறிஞ்சிக்கொண்டால், வெளியான அமிலத்தில் பெரும்பகுதி சரிக்கட்டப்பட்டுவிடும். உறிஞ்சும் முன்பே மழையில் கழுவிப் போனால், நைட்ரேட் தன்னோடு கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும், அமிலம் மட்டும் மண்ணில் தங்கும். அதனால் மலையில் யூரியாவை ஒரே தடவையில் கொட்டுவது இரட்டை நஷ்டம்: சத்தும் போகிறது, மண்ணும் புளிக்கிறது.

எந்த உரம் எவ்வளவு அமிலம் தரும் என்பதை, அதைச் சரிக்கட்டத் தேவையான சுண்ணாம்புக்கல் தூளின் எடையால் கணக்கிடலாம். 100 கிலோ யூரியாவுக்குச் சுமார் 80 கிலோ, 100 கிலோ அம்மோனியம் சல்பேட்டுக்குச் சுமார் 110 கிலோ. ஆனால் யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், அம்மோனியம் சல்பேட்டில் 20.6 சதவீதம்தான். ஒரு கிலோ தழைச்சத்துக்கு என்று பார்த்தால் யூரியாவுக்கு 1.8 கிலோ சுண்ணாம்பு போதும், அம்மோனியம் சல்பேட்டுக்கு 5 கிலோவுக்கு மேல் வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டும் பொட்டாஷும் அமிலக் கணக்கை ஏறக்குறைய மாற்றுவதில்லை. ‘எல்லா ரசாயன உரமும் மண்ணைக் கெடுக்கும்’ என்று மொத்தமாகச் சொல்வது தவறு. மலை மண்ணில் அம்மோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து போடுவது கெடுதல். யூரியாவை அளவோடு, பிரித்துப் போட்டு, அதற்குரிய சுண்ணாம்பையும் திருப்பிக் கொடுத்தால் கெடுதல் இல்லை.

இதற்கு நீண்ட காலச் சான்று இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் பாலம்பூர் என்ற மலைப்பகுதியின் அமில மண்ணில் 1972 முதல் மக்காச்சோளம், கோதுமை சுழற்சியில் உரப் பரிசோதனை நடந்து வருகிறது. யூரியா மட்டுமே பெற்ற பாத்திகளில் காலப்போக்கில் விளைச்சல் பூச்சியத்துக்கே போனது. மூன்று சத்துகளோடு தொழு உரமோ சுண்ணாம்போ பெற்ற பாத்திகள் விளைச்சலைத் தக்கவைத்தன. பெங்களூருவில் சிவப்பு அமில மண்ணில் கேழ்வரகு, மக்காச்சோளத்தில் 1986-இல் தொடங்கிய பரிசோதனையிலும் முன்னால் நிற்பவை தொழு உரம் சேர்ந்த பாத்திகள்தான். கோவையிலும் 1972 முதல் இதே பயிர்ச் சுழற்சி உண்டு. ஆனால் அது சுண்ணாம்பு கலந்த கார மண், அங்கே அமிலம் ஒரு பிரச்சினையே இல்லை. கோவைப் பரிந்துரையை அப்படியே மலைக்கு ஏற்றினால் இந்த இடத்தில்தான் தவறும்.

தொழு உரம் செய்வதும், அதனால் ஆகாததும்

நன்றாக மட்கிய எரு அமில மண்ணில் செய்யும் முக்கியமான வேலை பலருக்குத் தெரிவதில்லை. அதிலுள்ள மட்குப்பொருள் கரைந்த அலுமினியத்தைப் பிடித்துக் கட்டிவிடும். பி.எச். எண் பெரிதாக ஏறாவிட்டாலும் வேருக்கு நஞ்சு குறைகிறது. மணிச்சத்தைப் பிடிக்கக் காத்திருக்கும் இரும்பு, அலுமினிய இடங்களை மட்கு முதலில் அடைத்துக்கொள்வதால் போடும் மணிச்சத்தும் அதிக நாள் பயிருக்குக் கிடைக்கும். மண் கட்டிகள் உறுதியாகி மழையில் கரையாமல் நிற்கும். சரிவில் இதன் மதிப்பு பெரிது. ஒரு ஏக்கரில் மேல்மண் ஒரு மில்லிமீட்டர் கழுவிப் போனாலே நாலரை டன் மண் போய்விட்டது என்று அர்த்தம். ஓராண்டு முழுக்கச் சுமந்து போட்ட எருவின் எடை ஏறக்குறைய அதுதான்.

ஆனால் எருவைச் சத்துக் கணக்கில் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. தொழு உரத்தில் தழைச்சத்து சராசரி 0.5 சதவீதம், மணிச்சத்து 0.2, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 0.5. ஏக்கருக்கு 5 டன் போட்டால் தழைச்சத்து 25 கிலோ இருக்கும். முதல் பயிருக்குக் கிடைப்பது அதில் நாலில் ஒரு பங்கு, 6 கிலோ அளவு. குளிர்ந்த உச்சிப் பகுதிகளில் அதுவும் குறையலாம்.

ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசலைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 10 கிலோ சாணத்தை 200 லிட்டர் தண்ணீரில் கலக்கும்போது சாணத்தின் வழியாகப் போவது ஏறக்குறைய 50 கிராம் தழைச்சத்து. நுண்ணுயிர்களைத் தூண்ட அதைப் பயன்படுத்துங்கள். எரு, பசுந்தாள் (பச்சையாகவே மடக்கி உழும் பயிர்) இரண்டையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்பினால் பயிர் பட்டினி கிடக்கும்.

முதல் படி: மண் மாதிரி

உரம் போடும் முன், அறுவடை முடிந்த நிலத்தில் எடுங்கள். படிமட்ட நிலமாக இருந்தால் மேல் படி, நடுப் படி, கீழ்ப் படி மூன்றையும் தனித்தனி மாதிரியாக எடுக்க வேண்டும். மேல் படியில் மண் கழுவிப்போய் அமிலம் அதிகமாகவும், கீழ்ப் படியில் வண்டல் சேர்ந்து வேறு மாதிரியாகவும் இருக்கும். மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் எந்தப் படிக்கும் பொருந்தாத ஓர் எண்தான் வரும்.

ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கும் நெடுக்குமாக 10 முதல் 15 இடம். மேலே கிடக்கும் இலை, சருகை மட்டும் விலக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் குழி வெட்டி, பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுங்கள். எருக்குவி கிடந்த இடம், வரப்போரம், மரநிழல், நீர் கசியும் இடம் வேண்டாம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, விரித்து நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள்.

ஆய்வகத்தில் இரண்டு விஷயம் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, மணிச்சத்தை அமில மண்ணுக்கு உரிய ப்ரே முறையில் பார்க்கச் சொல்லுங்கள். சமவெளி மண்ணுக்குப் பயன்படுத்தும் ஓல்சன் முறை எண் இங்கே வழி தவறச் செய்யும். இரண்டு, பி.எச். எண்ணோடு ‘சுண்ணாம்புத் தேவை’ என்ற எண்ணையும் கேளுங்கள். பி.எச். 5.0 உள்ள மணல் கலந்த சிவப்பு மண்ணுக்கும், அதே 5.0 உள்ள கருப்பு மட்கு மண்ணுக்கும் தேவைப்படும் சுண்ணாம்பு ஒன்றல்ல. கருப்பு மண் இரண்டு மூன்று மடங்கு கேட்கும்.

இரண்டாம் படி: சுண்ணாம்பு

அறிக்கையில் ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று இருக்கும். 2.5-ஆல் வகுத்தால் ஏக்கர் கணக்கு வரும். ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் தேவை என்று வந்தால் ஒரே ஆண்டில் போடாமல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுங்கள். நிலம் முழுவதற்கும் போட வசதி இல்லையென்றால் வேறு வழி உண்டு: ஒவ்வொரு பருவமும் விதைக்கும் சாலில் மட்டும் ஏக்கருக்கு 80 முதல் 160 கிலோ. கைமுதல் குறைவாக உள்ளவர்களுக்கு இதுவே சிறந்த வழி. முளைத்த வேர் முதலில் தொடும் மண் சரியாக இருந்தால் பயிர் பாதி தப்பித்துவிடும்.

எந்தச் சுண்ணாம்பு? சுண்ணாம்புக்கல் தூளின் வலிமையை 100 என்று வைத்தால் டோலமைட் சுமார் 109, நீற்றுச் சுண்ணாம்பு 135, சுட்ட சுண்ணாம்பு 179. மலை மண்ணில் மெக்னீசியமும் குறைவாக இருப்பதால் தேயிலைக்குப் போடும் டோலமைட்டே தானியத்துக்கும் நல்ல தேர்வு. வாங்கும்போது கையில் தேய்த்துப் பாருங்கள். மாவு போல இருக்க வேண்டும். மணல் போல நறநறவென்று இருந்தால் அதில் பெரும்பகுதி அந்தப் பருவத்தில் கரையவே கரையாது.

விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்னால், மண்ணில் ஈரம் இருக்கும்போது தூவி 15 சென்டிமீட்டர் ஆழம்வரை கலக்குங்கள். மேலே தூவி அப்படியே விட்டால் மழை அதைச் சரிவில் இறக்கிவிடும். யூரியா, டிஏபி, புது எரு எதையும் சுண்ணாம்போடு சேர்த்துப் போடக் கூடாது, தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். சூப்பர் பாஸ்பேட்டையும் கலக்காதீர்கள், மணிச்சத்து கரையாத வடிவத்துக்குத் திரும்பிவிடும். இடையில் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள்.

குறிக்கோள் பி.எச். 5.5 முதல் 6.0 வரைதான். அலுமினியம் அடங்கிவிட்டால் போதும். 6.5-க்கு மேல் தள்ளினால் துத்தநாகமும் போரானும் பயிருக்குக் கிடைக்காமல் போகும். உருளைக்கிழங்கோடு சுழற்சி செய்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: சுண்ணாம்பு கூடினால் கிழங்கில் சொறிநோய் வரும். சுண்ணாம்பை எப்போதும் தானியத்துக்கு முன்னால் போடுங்கள், கிழங்குக்கு முன்னால் வேண்டாம்.

தேயிலைத் தொழிற்சாலைகளில் கிடைக்கும் விறகுச் சாம்பலும் உதவும். மழையில் நனையாத சாம்பலாக இருந்தால் சுண்ணாம்புத் தூளின் ஏறக்குறைய பாதி வலிமை உண்டு, சாம்பல்சத்தும் கிடைக்கும். வெளியில் கிடந்து நனைந்த சாம்பலில் சாம்பல்சத்து போயிருக்கும்.

மூன்றாம் படி: எருவும் பசுந்தாளும்

ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது கேழ்வரகுக்கான பொதுப் பரிந்துரை. அந்த எரு மட்கியதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். சூடு தெரியக் கூடாது. நாற்றம் போய் மண்வாசனை வர வேண்டும். சந்தேகம் இருந்தால் எருவும் மண்ணும் சரிபாதி கலந்து ஒரு தட்டில் 20 கேழ்வரகு விதை போட்டு வையுங்கள், பக்கத்தில் வெறும் மண்ணில் இன்னொரு 20. எருத் தட்டில் முளைப்பு குறைந்தாலோ, முளைத்த நுனி கருகினாலோ எரு இன்னும் தயாராகவில்லை. மட்காத சாணத்தோடு வெள்ளைப் புழுவும் களை விதையும் வயலுக்குள் வருகின்றன.

குளிரில் குவியல் மட்க நாலைந்து மாதம் பிடிக்கும். நாலடி உயரத்துக்குக் கட்டி, மேலே தார்ப்பாயோ கருப்புப் பாலித்தீனோ போட்டு மூட வேண்டும். மலை மழையில் திறந்து கிடக்கும் குவியலிலிருந்து சாம்பல்சத்தும் தழைச்சத்தும் பழுப்பு நீராக ஓடிவிடும். மிஞ்சுவது நார்தான். மட்கும்போதே ஒரு டன்னுக்கு 20 கிலோ ராக் பாஸ்பேட் (மணிச்சத்துள்ள பாறைத் தூள்) இடைஇடையே தூவினால் எருவின் தரம் ஒரு படி ஏறும்.

ஆட்டெருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2. மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமே இருக்கும் மன்னவனூர் பக்கம் ஆட்டெரு கிடைக்கும் வீடுகள் அதைத் தானிய நிலத்துக்கு ஒதுக்கலாம். தொழு உரத்தில் பாதியைக் குறைத்து, ஏக்கருக்கு அரை டன் ஆட்டெரு சேர்த்தாலே போதும். சமவெளியிலிருந்து லாரியில் ஏறிவரும் கோழி எருவைப் பற்றி மட்டும் கவனம். தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 2.6 சதவீதம் இருப்பதால் பலம் அதிகம். ஆனால் புதிதாகப் போட்டால் அம்மோனியா முளையைக் கருக்கும். முட்டைக்கோழி எருவில் தீவனத்துச் சுண்ணாம்பு இருப்பதால் அமிலத்தையும் சற்றுக் குறைக்கும். இரண்டு மாதம் மட்கவைத்து ஏக்கருக்கு ஒரு டன்னுக்குள் நிறுத்துங்கள்.

பசுந்தாள்: தக்கைப்பூண்டு குளிரில் வளராது. உயரமான நிலத்துக்கு லூபின் என்ற பயறுவகைச் செடி பொருத்தம், அமிலத்தையும் தாங்கும். அவரை, பட்டாணி, பீன்ஸ் பறித்து முடித்த கொடியையும் மடக்கி உழலாம். தாழ்வான சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு மட்டத்தில், சணப்பை வரும். பூ எடுக்கும் நேரத்தில் மடக்குங்கள். ஏக்கருக்கு 4 டன் பச்சை இலையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கும், அதில் பாதி அடுத்த பயிருக்குக் கிடைக்கும். மடக்கிய பின் மூன்று வாரம் கழித்து விதைப்பு.

தானியத் தாளை மட்டும் மடக்கி உழுதுவிட்டு விதைக்கிற தவறு அடிக்கடி நடக்கிறது. கோதுமைத் தாளில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 80 பங்கு கரிமம் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு வேண்டிய விகிதம் ஒன்றுக்கு 25 அளவு. பற்றாத தழைச்சத்தை அவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளாகும். தாளை மாட்டுக்குப் போட்டு எருவாகத் திருப்பிக் கொண்டுவருவதே மேல்.

நான்காம் படி: மணிச்சத்து

அமில மண்ணில் போடும் மணிச்சத்தில் முதல் பயிர் எடுப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிகமாகப் போடுவதால் இது தீராது. மண்ணோடு உரம் தொடும் பரப்பைக் குறைக்க வேண்டும். அதற்குச் சிறந்த வழி ஊட்டமேற்றிய தொழு உரம்: ஏக்கருக்கு 300 கிலோ தூள் எருவோடு 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் கலந்து, புட்டு மாவுப் பதத்துக்கு ஈரம் தெளித்து, நிழலில் ஒரு மாதம் மூடி வையுங்கள். விதைக்கும் அன்று சாலில், விதைக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழோ பக்கத்திலோ விழும்படி போடுங்கள். 50 கிலோ சூப்பர் பாஸ்பேட்டில் 8 கிலோ மணிச்சத்து உண்டு, மானாவாரிக் கேழ்வரகுக்கு அது சரியான அளவு. கூடவே கால்சியமும் கந்தகமும் வருகின்றன. டிஏபியில் அவை இல்லை. மலையில் சூப்பர் பாஸ்பேட்டை விட்டு டிஏபிக்குப் போக நல்ல காரணம் எதுவும் இல்லை.

ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் ராக் பாஸ்பேட் 45 கிலோ போடலாம். அது கரைய அமிலம் தேவை என்பதால் இந்த மண் அதற்கு ஏற்றதே. ஆனால் சுண்ணாம்பு போட்ட சாலில் அது கரையாது. சாலில் சுண்ணாம்பு போடுகிறவர்கள் ராக் பாஸ்பேட்டை எருக்குவியலோடு முன்பே மட்கவைத்துக் கொண்டுவர வேண்டும்.

கார்த்திகை, மார்கழிக் குளிரில் இளம் கோதுமையில் ஊதா நிறம் ஏறுவதைப் பார்த்து உடனே மணிச்சத்துப் பற்றாக்குறை என்று முடிவு செய்யாதீர்கள். குளிரே அந்த நிறத்தைத் தரும். வெயில் திரும்பி ஒரு வாரத்தில் பச்சை வந்துவிட்டால் உரம் தேவையில்லை.

ஐந்தாம் படி: தழைச்சத்து, சாம்பல்சத்து

மானாவாரிக் கேழ்வரகுக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல்சத்து 40:20:20 கிலோ, அதாவது ஏக்கருக்கு 16:8:8 கிலோ. 5 டன் எரு முதல் பயிருக்கு 6 கிலோ தரும் என்று வைத்தால் மிச்சம் 10 கிலோ தழைச்சத்து, அதாவது 22 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டையில் பாதி. அந்த 10 கிலோ உண்டாக்கும் அமிலத்துக்கு 18 கிலோ சுண்ணாம்பு ஈடு. இதே தழைச்சத்தை அம்மோனியம் சல்பேட்டாகப் போட்டால் 50 கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு கேட்கும். கணக்கு இவ்வளவுதான். அளவான யூரியாவின் அமிலக் கடன் சிறியது, ஆண்டுக்கு ஆண்டு கட்டிவிடக் கூடியது.

22 கிலோவை மூன்றாகப் பிரியுங்கள்: விதைப்பில் 5 கிலோ, களையெடுத்துத் தூர் கட்டும் போது 11, கதிர் உருவாகும் முன் 6. அடைமழைக்கு முன்னால் வேண்டாம். மண் ஈரமாக, இலை உலர்ந்து இருக்கும் நேரத்தில் வரிசை ஓரம் தூவி மண்ணால் மூடுங்கள். சரிவில் மேலாகத் தூவிய யூரியா வரப்பைத் தாண்டி ஓடைக்குத்தான் போகும்.

முழுக்க இயற்கை வழி என்றால் இந்த 10 கிலோவைப் பசுந்தாள் தர வேண்டும். மேலே சொன்ன 4 டன் லூபின் அல்லது பீன்ஸ் கொடி அதைத் தரும். அவ்வளவு தழை கிடைக்காத ஆண்டில் வேப்பம்பிண்ணாக்கு 100 கிலோ சேர்த்தால் அதில் 5 கிலோ தழைச்சத்து உண்டு. இது நடக்கக் கூடிய வழிதான், ஆனால் பசுந்தாளுக்கென்று இரண்டு மூன்று மாதம் நிலத்தை ஒதுக்க முடிகிறவர்களுக்கு. எருவும் இல்லாமல் பசுந்தாளும் இல்லாமல் மூட்டை உரம் மட்டும் போடும் வழியைச் சரிவு நிலத்துக்கு நாம் பரிந்துரைக்க மாட்டோம். மண் பிடிப்பு போன பின் உரமும் நிற்காது.

சாம்பல்சத்து: 5 டன் எருவில் 25 கிலோ இருக்கிறது, பெரும்பகுதி உடனே கிடைக்கும். அறிக்கையில் குறைவு என்று வந்தால் மட்டும் பொட்டாஷ் 13 கிலோ போடுங்கள்.

உருளைக்கிழங்கு, கேரட் எடுத்த நிலத்தில் தானியம் போடுகிறவர்கள் கணக்கையே மாற்ற வேண்டும். 17:17:17 காம்ப்ளக்ஸும் கோழி எருவும் மூட்டை மூட்டையாகப் பெற்ற அந்த மண்ணில் மணிச்சத்து தேங்கியிருக்கும். அங்கே மணிச்சத்து வேண்டாம், தழைச்சத்தும் பாதி போதும். மீறிப் போட்டால் கேழ்வரகில் குலைநோய், கோதுமையில் துரு, இரண்டிலும் பயிர் சாய்ந்து விழுதல். நீலகிரியும் பழனி மலையும் கோதுமைத் துரு நோய் ஆண்டு முழுவதும் உயிரோடு தங்கும் இடங்கள் என்பதால் கொழுத்த இலை இங்கே ஆபத்து.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள் போடுகிறவர்கள் சுண்ணாம்பு வேலை முடிந்த மண்ணில் போடுங்கள். பி.எச். 5-க்குக் கீழே அவை நிலைப்பது அரிது. ஏக்கருக்குத் தலா 800 கிராம், 10 கிலோ மட்கிய எருவில் கலந்து சாலில். ரசாயன உரத்தோடு சேர்த்துக் கலக்காதீர்கள்.

கூடலூர், பந்தலூர் நெல் வயலுக்கு மட்டும்

மேலே சொன்னதில் பாதி இங்கே தலைகீழ். தண்ணீர் கட்டிய அமில மண்ணில் சில வாரங்களில் பி.எச். தானாகவே நடுநிலையை நோக்கி ஏறும், பிடிபட்டிருந்த மணிச்சத்தும் விடுபடும். சுண்ணாம்புக்கு அவசரம் இல்லை. இங்கே எதிரி இரும்பு. நீர்மேல் எண்ணெய் போன்ற செம்பழுப்புப் படலம், கீழ் இலைகளில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளி, வேரில் துருப் பூச்சு தெரிந்தால் இரும்பு நச்சு. இந்த வயலில் மட்காத எருவும் நடவுக்கு முந்தின நாள் மிதித்த பச்சைத் தழையும் நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் அவை மட்கும்போது மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் தின்று இரும்பைக் கரைத்துவிடுகின்றன. மேட்டிலிருந்து கசியும் நீரைத் திருப்ப வயலோரம் ஒரு கால்வாய் எடுங்கள், நட்ட மூன்றாம் வாரம் சில நாள் நீரை வடியுங்கள், பொட்டாஷைத் தவறாமல் கொடுங்கள்.

ஆறாம் படி: வயலில் பார்த்துத் தெரிந்துகொள்வது

விதைத்த 25-ஆம் நாள் மூன்று நான்கு இடத்தில் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வாளி நீரில் அசைத்து மண்ணை உதிர்த்துப் பாருங்கள். இழுத்துப் பிடுங்கினால் பார்க்க வேண்டிய நுனியே அறுந்துவிடும். நல்ல வேர் வெள்ளையாக, மெல்லிய பக்கவேர்களோடு, நுனியில் மண்துகள் ஒட்டிக்கொண்டு வரும். அலுமினியம் தாக்கிய வேர் குட்டையாக, தடித்து, நுனி பழுப்பேறி, பக்கவேர் இல்லாமல் மொட்டையாக இருக்கும், வளைத்தால் ஒடியும். அப்படிப்பட்ட வேருக்கு மேலுரம் போட்டுப் பயனில்லை. அந்தப் பருவத்தைக் குறைந்த செலவில் முடித்து, அடுத்த விதைப்புக்கு முன் சாலில் சுண்ணாம்பு போடுங்கள்.

மண் கட்டிச் சோதனைக்கு எலுமிச்சை அளவு உலர்ந்த கட்டி இரண்டு எடுங்கள், ஒன்று வயலிலிருந்து, ஒன்று உழாத வரப்பிலிருந்து. தனித்தனிக் கண்ணாடி டம்ளர் நீரில் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். மலைச் செம்மண்ணில் இரும்பே ஓரளவு கட்டிப் பிடிப்பதால் வயல் கட்டியை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. வரப்பு மண் நிற்கும்போது வயல் மண் சரிந்து கலங்கினால், அந்த வயல் கரிமத்தை இழந்துகொண்டிருக்கிறது. எருவைக் கூட்டுங்கள், உழவைக் குறையுங்கள், அடுத்த மழைக்கு முன் சமமட்ட வரப்பைச் சரிசெய்யுங்கள்.

மறு பரிசோதனை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை போதும். ஆனால் அதே படிகளில், அதே மாதத்தில், அதே ஆய்வகத்தில் எடுங்கள், ஏனென்றால் மழைக்கு முன்னும் பின்னும் பி.எச். எண்ணே மாறும். பி.எச். 5.5-ஐத் தாண்டி நின்றால் முழுநிலச் சுண்ணாம்பை நிறுத்திவிட்டு, போட்ட யூரியாவுக்கு ஈடான அளவை மட்டும் சாலில் கொடுங்கள். மறுபடி இறங்கியிருந்தால் முதலில் உர மூட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, மேல் படியின் வரப்பைப் பாருங்கள்.